கோப்பைக்கு எத்தனை நிழல்

விளக்குக்கடைக்காரருக்கும் இருட்டுக்கும் ஆகாது. பயமெல்லாம் இல்லை, தொழில் பகை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் சுவரில் வரிசையாக இருக்கும் சுவிட்சுகளை ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரி ஒரு தட்டு தட்டுவார். கூரையில் தொங்குபவை, சுவரில் ஒட்டிக்கொண்டவை, மேசையில் நிற்பவை, தரையிலிருந்து முளைத்தவை எல்லாம் எரியத் தொடங்கும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே எரியும். கேட்டால், "இனிப்புக்கடைக்காரன் மூஞ்சி கசந்து கிடந்தா எவன் உள்ள வருவான்?" என்பார்.

அந்தக் கடைக்குள் வந்தவர்களுக்குக் கண்ணாடியில் பார்த்தால் ஐந்து வயது குறைந்திருக்கும். அந்த மயக்கம் தெளிவதற்குள் ஒரு விளக்கை வாங்கிவிடுவார்கள். வீட்டில் கொண்டுபோய் மாட்டினால் விளக்கு எரியும், வயது குறையாது. அதற்குக் கடைக்காரர் உத்தரவாதம் தந்ததில்லை.

அவருடைய ஒரே மகள் வளர்ந்தது இந்த வெளிச்சத்தில்தான். மெலிந்த உடம்பு, மேலே புசுபுசுவென்று சுருட்டை முடி. அதனால் தெருவில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். தாய் இறந்தபோது இவள் சின்னக் குழந்தை. பள்ளி விட்டால் கடைக்கு வந்துவிடுவாள். கல்லா மேசைக்கு எதிரே ஒரு முக்காலி, அதுதான் அவள் இடம். எந்தச் சுவிட்சுக்கு எந்த விளக்கு என்று கடைக்காரருக்கே குழப்பம் வந்தால் அவளைத்தான் கேட்பார்.

கல்லா மேசையின் ஓரத்தில் பச்சைக் கண்ணாடிக் குடை போட்ட ஒரு குட்டி விளக்கு உண்டு. குடையில் ஒரு கீறல். கீறல் விழுந்த சரக்கு என்று திருப்பி அனுப்ப இருந்ததை, குண்டூசியின் அம்மா "இது எனக்கு" என்று எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் போன பிறகும் அது அங்கேயே எரிகிறது. யாராவது விலை கேட்டால் கடைக்காரர் யானை விலை குதிரை விலை சொல்வார். கேட்டவர் விளக்கை ஒருமுறை, அவரை ஒருமுறை பார்த்துவிட்டு நடையைக் கட்டுவார்.

போன வருஷம் அக்காவின் தொல்லை தாங்காமல் கடைக்காரர் மறுமணத்துக்குத் தலையாட்டினார். பெண், குண்டூசியின் பள்ளியிலேயே ஓவியம் சொல்லிக் கொடுக்கும் டீச்சர். முடிவு பண்ணுமுன் மகளிடம் கேட்டார்.

"மிஸ் நம்ம வீட்டுக்கு வரட்டும். ஆனா நான் மிஸ்ஸுன்னுதான் கூப்பிடுவேன்" என்றாள் மகள்.

கடைக்காரர் உடனே ஒப்புக்கொண்டார். முதலில் சொல்கிற விலை கடைசி விலை இல்லை என்பது அவர் பால் மறந்த நாளில் கற்ற பாடம். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருவாள், 'அம்மா'வில் வந்து படியும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார். வருஷம் ஒன்று ஓடியும் பெண் இறங்குகிற வழியாக இல்லை.

"இன்னும் மிஸ்ஸுதானாடா?" என்று வரும்போதெல்லாம் கேட்பாள் அக்கா.

"சின்னப் பிள்ளைதானேக்கா. வருவா."

"அவ கிடக்கட்டும். நீ என்னன்னு கூப்பிடறே?"

கடைக்காரர் வீறாப்பாக உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "டீச்சர்! அக்காவுக்கு ஒரு டீ!"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைக்கு மேலே அட்டைப் பெட்டிகள் அடைந்து கிடந்த ஒரு அறை இருந்தது. வெளிப்பக்கமாக ஏறிப்போகப் படிகள். டீச்சர் அதை ஒழித்துத் துடைத்து, ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு தொடங்கினாள். குண்டூசியையும் சேர்த்து ஏழெட்டுப் பிள்ளைகள். மனைவியின் வகுப்புக்கு விளக்கு போடாவிட்டால் ஊர் சிரிக்காதா? கடைக்காரர் ஏணியும் கையுமாக வந்து நின்றார்.

"நடுவுல ஒரு பெரிய தொங்குவிளக்கு. நாலு மூலைக்கும் நாலு. ஜன்னலுக்கு மேல ரெண்டு. போதுமா, இன்னும் ரெண்டு போடவா?"

"ஒண்ணு போதும்."

"தொங்குவிளக்கு ஒண்ணு மட்டுமா?"

"தொங்குவிளக்கே வேண்டாம். மேசையில வைக்கிற மாதிரி ஒத்தை பல்பு. ஜன்னலுக்குக் கனமா ஒரு திரை."

கடைக்காரருக்கு முகம் வாடிவிட்டது. "டீச்சர், நான் விளக்குக்கடை வச்சிருக்கேன். என் பொண்டாட்டி திரையைப் போட்டு மூடிக்கிட்டு ஒத்தை பல்புல பாடம் நடத்தறான்னா, நாளைக்கு என் கடைக்கு எவன் வருவான்?"

"வெளிச்சம் எல்லாப் பக்கமும் இருந்தா பிள்ளைங்களுக்கு உருவமே தெரியாதுங்க. தட்டையா இருக்கும்."

"சரி, ரெண்டு?"

"ஒண்ணு."

"ஒண்ணு வாங்கினா ஒண்ணு கொசுறு?"

"கொசுறை நீங்களே வச்சுக்குங்க."

வாழ்க்கையில் பேரத்தில் அவர் அப்படித் தோற்றதில்லை. பல்பைக் கொண்டுவந்து வைத்தார். ஆனாலும் மனசு கேட்காமல், அப்படி என்னதான் நடத்துகிறாள் பார்ப்போம் என்று கதவோரம் நின்றார்.

திரை போட்ட அறையில் ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பை, அதன் இடப்பக்கம் பல்பு. பிள்ளைகள் தரையில் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"கண்ணைப் பாதி மூடிக்கிட்டுப் பாருங்க. எந்த இடம் ரொம்ப வெளிச்சம்?"

"வயித்துல மிஸ்! கோப்பை வயித்துல!"

"அந்த இடத்துல பென்சில் போகவே கூடாது. காகிதத்தை அப்படியே விட்டுடணும்."

மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பொடியன், எல்லோரும் தாத்தா என்று கூப்பிடுகிறவன், கை தூக்கினான். "அப்ப வெளிச்சத்தை எப்படி மிஸ் வரையறது?"

"அதை யாராலயும் வரைய முடியாது. சுத்தி இருட்டைப் போட்டா, அதுவா வந்து உட்கார்ந்துக்கும்."

கதவோரம் நின்றவருக்குச் சுருக்கென்றது. இருட்டைப் போட்டால் வெளிச்சம் வருமென்றால், இத்தனை வருஷம் நாம் எதற்குக் கடை வைத்தோம்?

பிள்ளைகள் பென்சிலைப் பூனை நடக்கிற மாதிரி ஓட்டினார்கள். டீச்சர் ஒவ்வொருவர் பின்னாலும் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். "அழுத்துடா தாத்தா. பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்பிடுவோமோன்னு பயந்து பயந்து போடற."

"ரொம்பக் கறுத்துடுமோன்னு இருக்கு மிஸ்."

"கறுக்கட்டும். அதுக்குத்தான் பென்சில் வாங்கியிருக்கோம்."

பிறகு ஒரு வேடிக்கை காட்டினாள். கோப்பையின் இருண்ட பக்கத்துக்கு அருகே ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினாள். நிழலுக்குள்ளே, கோப்பையின் ஓரமாக, நகக்கீறல் அளவுக்கு ஒரு வெளிச்சம் எட்டிப்பார்த்தது. தாளை எடுத்தாள், போய்விட்டது. வைத்தாள், வந்துவிட்டது. பிள்ளைகள் "ஓ" என்றார்கள்.

"இந்தத் தாளுக்குச் சொந்தமா வெளிச்சம் கிடையாது. விளக்குகிட்ட வாங்கினதை இந்தப் பக்கம் திருப்பிக் கொடுக்குது."

"கமிஷன் எடுத்துக்காமலா?" என்றார் கதவோரம் நின்றவர்.

அறையே சிரித்தது. "அப்பா, நீங்க கடைக்குப் போங்க" என்று குண்டூசி துரத்தினாள். படியிறங்கும்போது, மகளும் மனைவியும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் சிரித்த சத்தம் காதிலேயே இருந்தது. போணி ஆன மாதிரி இருந்தது அவருக்கு.

அடுத்த வகுப்புக்குள் ஒரு கோப்பையைப் பார்த்து வரைந்து வரவேண்டும் என்பது வீட்டுப்பாடம். குண்டூசி அதை எப்போது வரைந்தாள் என்று கடைக்காரர் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் படியேறிப் போனபோது, அவள் படம் டீச்சரின் கையில் இருந்தது.

கோப்பை அழகாக வந்திருந்தது. ஆனால் அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் நிழல். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று இருக்கிறதோ இல்லையோ என்கிற மாதிரி.

"மிஸ், கோப்பைக்குக் கால் முளைச்சிருக்கு!"

"சிலந்தி மிஸ், சிலந்தி!"

"இதுல டீ ஊத்தினா ஓடிடும்!" என்றார் கடைக்காரர். வாய் சும்மா இருக்காதே. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்ததும் அவர்தான்.

டீச்சர் சிரிக்கவில்லை. "நல்லா வரைஞ்சிருக்கே கண்ணு. ஆனா வெளிச்சம் ஒரு பக்கத்துல இருந்துதானே வரும்? அப்ப நிழலும் ஒண்ணுதானே இருக்கணும்?" என்று மென்மையாகச் சொல்லிக்கொண்டே அழிரப்பரை எடுத்தாள். இருப்பதிலேயே கறுப்பான ஒரு நிழலை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழித்தாள். தூளை ஊதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இப்பப் பாரு."

குண்டூசி பார்த்தாள். படத்தை வாங்கவில்லை. எழுந்து படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் 'மிஸ்' என்ற சொல்லும் நின்றது. 'அம்மா'வுக்கு இறங்கி வருவாள் என்று காத்திருந்தவருக்கு, கையில் இருந்ததும் போயிற்று.

"அப்பா, என் நீல ரிப்பன் எங்கேன்னு கேளுங்க" என்பாள், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் டீச்சரைப் பார்க்காமல்.

"மேல்தட்டுல இருக்குன்னு சொல்லுங்க" என்பாள் டீச்சர்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. தரகு கிடைக்காத தரகர் என்று உலகத்தில் ஒருவர் உண்டென்றால் அது விளக்குக்கடைக்காரர்தான். மகளிடம் தனியாகப் பேசிப் பார்த்தார். "மிஸ் சொன்னது சரிதானேடா? அவங்க படிச்சவங்க."

"நீங்களும் சிரிச்சீங்க" என்றாள் அவள். அத்தோடு பேச்சு முடிந்தது.

மனைவியிடம் போனார். அவள் பிள்ளைகளின் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தாள். கூர் வந்த பிறகும் சீவிக்கொண்டே இருந்தாள்.

"வகுப்பை நிறுத்திடலாம்னு பார்க்கறேங்க."

"ஒரு படத்துக்கா?"

"படமில்லைங்க. நான் வர்றதுக்கு முன்னால இந்த வீட்ல என்னென்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எதை அழிச்சேன்னும் தெரியல. கையில அழிரப்பரோடதான் இந்த வீட்டுக்குள்ள வந்திருக்கேன்னு அவ நெனச்சிருப்பா." பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்படித்தான் வந்துட்டேனோ என்னமோ."

கடைக்காரர் சீவி முடித்த பென்சில்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டார்.

மறுநாள் பொழுது இருட்டுகிற நேரம், கடையில் கூட்டமில்லை. குண்டூசி முக்காலியில் உட்கார்ந்து கணக்குப் பாடம் போட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரர் டீ குடித்துவிட்டு வெறுங்கோப்பையைக் கல்லா மேசையில் வைத்தார். ஏதோ யோசனையில் அதை விரலால் அங்கும் இங்கும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நகர்த்தாதீங்கப்பா" என்றாள் மகள், தலை நிமிராமல். "நிழல் எல்லாம் ஓடுது."

அவர் குனிந்து பார்த்தார்.

வெள்ளை மேசையில் வெள்ளைக் கோப்பை. அதைச் சுற்றிப் பூ விரிந்த மாதிரி நிழல்கள். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று இருக்கிறதோ இல்லையோ என்கிற மாதிரி. இத்தனை வருஷமாக அதே மேசையில் டீ குடிக்கிறார். விளக்குக்கடியில் இருட்டு என்று ஆயிரம் தடவை ஊருக்குச் சொல்லியிருக்கிறார். ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

"குண்டூசி... இதையா வரைஞ்சே?"

அவள் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டினாள். "இது வாசல்ல தொங்கற பெருசு. இது உங்க தலைக்கு மேல இருக்கறது. இந்த ரெண்டும் சுவர்ல இருக்கற ஜோடி. இது மீன் மாதிரி இருக்குமே, விக்கவே மாட்டேங்குதே, அது."

"இது?" ஒரு நிழல் மட்டும் மெல்லிசாக, மேசையின் மறுவிளிம்பு வரைக்கும் நீண்டிருந்தது.

"பச்சை விளக்கு. அது உயரம் கம்மி. அதனால நீளமா விழும்." கணக்கு நோட்டை மூடினாள். "அதைத்தான் மொதல்ல அழிச்சாங்க."

கடைக்காரர் கோப்பையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். இதில் டீச்சரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அந்தப் பளபளப்பில் கண் கூசுகிறதென்று அவள் கடைக்குள் வந்து நிற்பதே இல்லை. பச்சை விளக்கு யாருடையது என்று அவரும் சொன்னதில்லை. பழைய வாடிக்கைப் பேச்சைப் புது வாடிக்கையிடம் எடுப்பானேன் என்ற வியாபாரப் புத்தி. அந்தப் புத்தி கடைக்கு ஆகும், வீட்டுக்கு ஆகாது என்பது இப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு ஓடிப்போய் விளக்கமாகச் சொல்லத்தான் முதலில் கால் எழுந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டார். கைமாறிப் போகிற சரக்கு எதுவும் முழுசாகப் போய்ச் சேராது. போனை எடுத்தார்.

"டீச்சர், கொஞ்சம் கடைக்கு வா. ஒரு சரக்கு பார்க்கணும்."

"என்ன சரக்கு?"

"வந்து பாரு. போன்ல சொல்ற பழக்கம் என்கிட்ட இல்ல."

அவள் வந்தாள். அவசரத்தில் அள்ளிப் போட்ட மஞ்சள் துப்பட்டா, தோளில் ஓவியப் பை. வாசலிலேயே கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். கடைக்காரர் கோப்பையைக் காட்டினார்.

டீச்சர் மேசை மட்டத்துக்குக் குனிந்தாள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாள். பிறகு முழுசாகத் திறந்து பார்த்தாள். பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அழித்த இடங்களில் கறுப்பு போயிருந்தது, ஆனால் பென்சில் அழுத்தின பள்ளம் போகவில்லை. ஒவ்வொரு பள்ளமும் மேசையில் விழுந்த ஒவ்வொரு நிழலோடும் ஒத்துப்போயிற்று.

அவள் விரலால் ஒரு பள்ளத்தைத் தடவிப் பார்த்தாள்.

"எது எது எந்த விளக்குன்னு எனக்குத் தெரியல" என்றாள் கடைசியில், முக்காலியைப் பார்த்து. "காட்டறியா?"

கடைக்காரர் மகளைப் பார்த்தார். 'சொல்லுங்கப்பா' என்று தன் பக்கம் திரும்பிவிடுவாளோ?

குண்டூசி திரும்பவில்லை. முக்காலியிலிருந்து குதித்துச் சுவிட்சுப் பலகைக்குப் போனாள். டக். வாசல் விளக்கு அணைந்தது. மேசையில் ஒரு நிழல் காணாமல் போயிற்று. டக். சுவர் ஜோடி. இரண்டு நிழல் போயிற்று. டக். மீன். ஒவ்வொரு டக்குக்கும் கடைக்காரர் வாசலை எட்டிப் பார்த்தார். வியாபார நேரத்தில் விளக்கணைத்தது அவர் பரம்பரையிலேயே கிடையாது.

எதிர்க் கடைக் கடிகாரக்காரர் பதறிப்போய் வாசலுக்கு வந்தார். "என்னண்ணே, கடையை மூடறீங்களா? யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே. ஒரு நிழலைத் தேடிக்கிட்டிருக்கோம்."

"கெடச்சா எனக்கும் ஒண்ணு எடுத்து வைங்க. பகல்ல வெயில் தாங்கல."

கடைசியில் கடை முழுக்க இருண்டு, பச்சை விளக்கு ஒன்று மட்டும் நின்றது. கோப்பையின் ஒரு பக்கம் பாலாக மின்னியது, மறுபக்கம் மூழ்கிக் கிடந்தது. அங்கிருந்து ஒரே ஒரு நிழல், மெல்லிசாக இருந்தது இப்போது மை மாதிரி, மேசையின் நீளத்துக்கும் படுத்திருந்தது.

"இது எங்க அம்மாவோடது" என்றாள் குண்டூசி. டீச்சரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"தெரியாம அழிச்சுட்டேன்டா."

"நீங்கதான் கடைக்கு வர்றதே இல்லையே. எப்படித் தெரியும்?"

"ஆமா. வந்திருக்கணும்."

டீச்சர் ஒரு புதுத் தாளை மேசையில் விரித்து, பென்சிலை அதன்மேல் வைத்தாள். குண்டூசி கொஞ்சநேரம் பென்சிலைப் பார்த்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டீச்சர் பழக்கதோஷத்தில் பின்னால் வந்து குனிய, தாளெல்லாம் இருட்டிவிட்டது.

"மறைக்குது, மிஸ்."

மிஸ்! கடைக்காரர் கல்லா மேசையை இறுகப் பிடித்துக்கொண்டார். போன சரக்கு திரும்பி வந்தால் அதன் மதிப்பே வேறு.

"நான் மேல போறேன். நீ நிம்மதியா வரை" என்று டீச்சர் மேசையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாக நகர்ந்தாள். நாலு அடி வைத்திருப்பாள்.

"மிஸ், நில்லுங்க!"

நின்றாள்.

குண்டூசி கண்ணைப் பாதி மூடிக் கோப்பையைப் பார்த்தாள். மூழ்கிக் கிடந்த பக்கத்தில், ஓரமாக, நகக்கீறல் அளவுக்கு வெளிச்சம். லேசாக மஞ்சள். துப்பட்டாவிலிருந்து வந்தது.

"அங்கேயே உட்காருங்க. இன்னும் கிட்ட. துப்பட்டாவை இழுத்துக்காதீங்க."

"எவ்வளவு நேரம்?"

"முடியற வரைக்கும்."

டீச்சர் உட்கார்ந்தாள். நிழலின் நுனி மேசைமேல் இருந்த அவள் விரல்வரை வந்து நின்றது. அவள் கையை எடுக்கவில்லை. குண்டூசி பென்சிலை அழுத்தி இருட்டைப் போட ஆரம்பித்தாள். ஓரம் வந்ததும் கையை நிறுத்தி, ஒரு கோடு அளவுக்குத் தாளை வெள்ளையாகவே விட்டுவிட்டு, மறுபக்கம் தாண்டிப் போனாள்.

வாசலில் ஒரு வாடிக்கையாளர் தலையை நீட்டினார். "கடை இருக்குங்களா?"

"இருக்கு. கொஞ்சம் இருட்டா இருக்கும், பார்த்து வாங்க" என்றார் கடைக்காரர். சுவிட்சுப் பலகைப் பக்கம் அவர் கை போகவில்லை.

வந்தவர் சுற்றிலும் துழாவிப் பார்த்தார். இருட்டுக் கடையில் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். "அட, இந்தப் பச்சை விளக்கு நல்லா இருக்கே. என்ன விலை?"

கடைக்காரர் வழக்கம்போல யானை விலை சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் டீச்சரின் குரல் வந்தது. தலையைத் திருப்பவில்லை, துப்பட்டாவை அசைக்கவில்லை. உத்தரவு அப்படி.

"அது விக்கறதுக்கில்லைங்க."

குண்டூசியின் பென்சில் ஒரு கணம் நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தமாக ஓடத் தொடங்கியது.